கள்ளுக்கடை வீடு

எங்கள் வீட்டுக்குப் பழைய கதவு எண் ஒன்று, புதிய கதவு எண் ஒன்று என இரண்டு உண்டு. தெருவுக்கு ஒரு தலைவர் பெயரும் உண்டு. ஆனாலும் மூலக்கடையில் இறங்கி, கொஞ்சம் வயதான ஆட்டோக்காரராகப் பார்த்து ‘கள்ளுக்கடை வீடு’ என்று சொன்னால்தான் நேராகக் கொண்டுவந்து இறக்குவார். என் மனைவிக்கு இந்தப் பெயர் முப்பது வருடமாகப் பிடிக்கவில்லை. மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்தபோது ‘அரிசி மண்டி எதிரில்’ என்று அடையாளம் போட்டோம். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கள்ளுக்கடை வீடு எது என்று விசாரித்துத்தான் வந்து சேர்ந்தார்கள். அரிசி மண்டியை மூடியே பல வருடம் ஆயிற்று, அது வேறு விஷயம்.

இப்போது ஒரு பில்டர் வந்து பேசிக்கொண்டிருக்கிறார். இடித்துவிட்டு நான்கு மாடி. வக்கீல் மூலப்பத்திரம் முதல் எல்லாம் வேண்டும் என்றார். டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். அடுக்கி வைத்துப் படித்தபோது, இது ஒரு வீட்டின் பத்திரமா, தமிழ்நாட்டு மதுவிலக்கின் சரித்திரமா என்று சந்தேகம் வந்துவிட்டது. நம் பக்கத்துப் பெரியவர்கள் பலருக்கு இந்த இடம் நினைவிருக்கும் என்பதால் எழுதி வைக்கிறேன். உரிமையாளர்களின் பெயர்களைச் சொல்லப் போவதில்லை. வாரிசுகள் இன்னும் இங்கேதான் இருக்கிறார்கள், கோயிலில் பார்த்துக்கொள்கிறோம்.

முதல் பத்திரம் 1929. ஜார்ஜ் மன்னர் தலை போட்ட முத்திரைத்தாள். அப்போது கொடுங்கையூர் செங்கற்பட்டு ஜில்லாவில் ஒரு கிராமம். எழுபதுகளின் கடைசியில்தான் மாநகராட்சியோடு சேர்ந்தது. எல்லை எப்படி எழுதியிருக்கிறது என்றால், கிழக்கே பனந்தோப்பு, மேற்கே வண்டிப்பாதை, வடக்கே வாய்க்கால், தெற்கே வாங்குபவருக்கே சொந்தமான மாட்டுக்கொட்டகை. இன்று அந்த நான்கில் எதுவும் கிடையாது. பனந்தோப்பு இருந்த பக்கம் மூன்று தெருக்கள் இருக்கின்றன.

வாங்கியவர் கள்ளுக்கடைக் குத்தகைதாரர். அந்தக் காலத்தில் இது சுலபமான தொழில் இல்லை. 1886-ல் வந்த மெட்ராஸ் ஆப்காரி சட்டத்தின்படி கடைக்கு வருடா வருடம் ஏலம். அதிகம் கேட்டவருக்குக் கடை, மாதா மாதம் கிஸ்தி. அதுபோக மரத்துக்குத் தனி வரி. எந்தெந்த மரத்தில் கள் இறக்கலாம் என்று மரத்துக்கு நம்பர் போட்டுவிட்டுப் போவார்கள். நம்பர் இல்லாத மரத்தில் கலயம் தொங்கினால் கேஸ். கள்ளுக்கும் பதநீருக்கும் வித்தியாசம் ஒரு விரல் சுண்ணாம்புதான். கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவினால் புளிக்காது, பதநீர். தடவாவிட்டால் சில மணி நேரத்தில் கள். சாயங்காலத்துக்குள் விற்கவில்லை என்றால் புளித்துக் காடியாகிவிடும், மறுநாள் எவனும் தொடமாட்டான். அதனால்தான் கடை தோப்பை ஒட்டியே இருக்க வேண்டும். எங்கள் வீடு இந்த இடத்தில் நிற்பதற்கு வாஸ்து காரணமில்லை, அந்தப் பனைமரங்கள்தான் காரணம்.

வீட்டைப் பார்த்தாலே கடையாகக் கட்டியது தெரியும். தெருப் பக்கம் நீளமான ஒரே கூடம், தடுப்பே கிடையாது. தேக்குக் கட்டை வைத்த மெட்ராஸ் ஒட்டு. தரை நடுவில் ஒரு சாண் அகலத்துக்கு வாய்க்கால் ஓடி, பின்கட்டில் போய் விழும். மொந்தை கழுவின தண்ணீர் போவதற்கு. நாங்கள் குடிவந்தபோது அதை சிமெண்ட் போட்டு மூடினோம். ஆனால் தரையின் வாட்டம் அப்படியேதான் இருக்கிறது. என் பேரன் கையிலிருந்து கோலிக்குண்டு விழுந்தால் இன்றும் அந்தப் பழைய வாய்க்கால் வழியாகவே உருண்டு போகிறது. வாசலில் திண்ணை. திண்ணையை ஒட்டி, கை மட்டும் நீட்டக்கூடிய ஒரு சின்ன ஜன்னல். உள்ளே வந்து உட்காராமல் நின்றபடியே வாங்கிப் போகிறவர்களுக்கு. பக்கத்தில் ஒரு சார்ப்பு, அதில் சாக்கணாக் கடை. சுண்டல், கருவாடு, நண்டு. சாக்கணாவில் வந்த லாபம் கள்ளில் வந்ததைவிட அதிகம் என்று என் அப்பா சொல்வார். அதற்குக் கிஸ்தி கிடையாதே!

யார் குடித்தார்கள்? மாட்டு வண்டிக்காரர்கள், உப்பளத்தில் உப்பு வாருகிறவர்கள், துறைமுகத்தில் கரி சுமந்தவர்கள், மில்காரர்கள். மாதத்தில் சம்பள நாளும் அதற்கு அடுத்த இரண்டு நாளும் வண்டிப்பாதை நிறைந்திருக்கும் என்பார்கள்.

1931-ல் ஒரு அடமானப் பத்திரம் இருக்கிறது. கள்ளுக்கடைக் கிஸ்திக்காக வீட்டையே ஈடு வைத்திருக்கிறார் மனிதர். ஏலத்தில் வீம்புக்கு ஏற்றிக் கேட்டிருப்பார் போல. மூன்று வருடம் கழித்து மீட்டிருக்கிறார். கள்ளுக்கடைக்காரன் என்றால் பணத்தில் புரண்டவன் என்று நாம் நினைக்கிறோம். பத்திரத்தைப் பார்த்தால் அவர் பாதி நாள் சர்க்காருக்கு வசூல்காரராகத்தான் இருந்திருக்கிறார்.

1937 அக்டோபர் 1-ந்தேதி ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். போன வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் பொது விற்பனை வரி போட்டார். இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. கள்ளுக்கடையை மூடுவதற்காக வந்த வரி, பிறகு கள்ளுக்கடையைத் திறந்தபோதும் போகவில்லை. பெயர் மாற்றிக்கொண்டு இன்றும் நாம் கட்டிக்கொண்டிருக்கிறோம். யுத்த காலத்தில் மதுவிலக்கு நிறுத்தப்பட்டது. பிறகு 1946 முதல் படிப்படியாக வந்து, ஓமந்தூரார் முதல்வராக இருந்தபோது 1948 அக்டோபர் 2-ந்தேதி காந்தி ஜெயந்தி அன்று மாகாணம் முழுவதும் அமலானது.

அடுத்த கிரயப் பத்திரத்தின் தேதி 1949. வேறு சாட்சியம் தேவையில்லை. வாங்கியவர் விறகுத்தொட்டி வைத்தார். கூடத்தில் சவுக்குக் கட்டை அடுக்கி, மொந்தை கழுவின பின்கட்டில் தராசு தொங்கவிட்டார். நான் சின்னப் பையனாக விறகு வாங்க அங்கே போயிருக்கிறேன். விறகுத்தொட்டி ஆகி பத்து வருடம் தாண்டியும் எங்கள் அம்மா ‘கள்ளுக்கடைக்குப் போய் அரை மணு விறகு வாங்கிட்டு வா’ என்றுதான் அனுப்புவாள்.

இங்கே கொஞ்சம் கோட்டைக்குப் போய்விட்டு வர வேண்டும். நான் 36 வருடம் துறைமுகத்தில் எழுத்தராக இருந்தவன். மதியம் நேரம் கிடைத்தால் ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்கு நடந்துபோய்ச் சுற்றிவிட்டு வருவேன். அந்தக் கட்டடத்தின் கதை தெரிந்தபிறகு எங்கள் வீட்டுக்கு அது பெரிய அண்ணன் மாதிரி எனக்குத் தோன்ற ஆரம்பித்துவிட்டது.

அது 1795-ல் கட்டி முடித்தது. வெள்ளைக்கார வணிகர்களும் கப்பல் கேப்டன்களும் கூடிப் பேரம் பேசுவதற்கான இடம். மாடியில் பெரிய கூடம், அங்கே கூட்டம், லாட்டரிக் குலுக்கல், விருந்து, கேளிக்கை. கீழே மெட்ராஸ் பாங்க். மேலே குடித்துக் கொண்டாட, கீழே பணம் எண்ண, நல்ல ஏற்பாடு. அடுத்த வருடமே மொட்டை மாடியில் சென்னையின் முதல் கலங்கரை விளக்கத்தை வைத்தார்கள். தேங்காய் எண்ணெயில் எரியும் பன்னிரண்டு விளக்குகள். இன்று ஹைகோர்ட் வளாகத்தில் நிற்கும் கல்தூண் 1844-ல் விளக்கேற்றும் வரை நம் காசிமேடு, ராயபுரம் பக்கத்துப் படகுக்காரர்கள் பார்த்த வெளிச்சம் அதுதான். வணிகர்கள் போனபிறகு ராணுவ அதிகாரிகளின் மெஸ் ஆனது. சர்க்கார் சொத்தானது. 1948-ல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். எங்கள் கொடுங்கையூர்க் கடைக்குப் பூட்டு விழுந்த காலத்தில் கோட்டைக்குள் அந்த மெஸ் கட்டடம் அருங்காட்சியகம் ஆகியிருக்கிறது. 1947 ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் ஏற்றிய தேசியக் கொடியையும் இப்போது அங்கேதான் வைத்திருக்கிறார்கள். படிக்கட்டுப் பக்கம் கார்ன்வாலிஸ் நிற்கிறார். பீடத்தில் திப்புவின் பிள்ளைகளைப் பிணையாக ஒப்படைக்கும் காட்சி. அதையும் நின்று பாருங்கள்.

கம்பெனிக்காரர்கள் ஆரம்பத்திலிருந்தே இந்த விஷயத்தில் கெட்டி. கறுப்பர் நகரத்தில் சாராயம் விற்கும் உரிமையை அதிகம் கேட்டவருக்குக் குத்தகைக்கு விட்டுக் காசு பார்த்தார்கள். கோட்டைக்குள் மட்டும் கட்டுப்பாடு. பதினேழாம் நூற்றாண்டில் ஒரு விதி போட்டார்கள். ஒருவர் ஒரு தடவையில் அரை பைண்ட் சாராயம் அல்லது பிராந்திக்கு மேல் குடிக்கக்கூடாது. மீறினால் ஊற்றிக் கொடுத்தவருக்கு ஒரு பகோடா, குடித்தவருக்குப் பன்னிரண்டு பணம் அபராதம். அரை பைண்ட் என்பது இன்றைய குவார்ட்டரைவிட நிறையக் கூடுதல். அதையே கட்டுப்பாடு என்று நினைத்திருக்கிறார்கள்!

பிறகு வந்த உத்தரவுகளும் அதே கோட்டை வளாகத்திலிருந்துதான் புறப்பட்டன. திறக்கச் சொன்னதும் அங்கிருந்துதான், மூடச் சொன்னதும் அங்கிருந்துதான். எங்கள் வீட்டுப் பத்திரத்தில் விற்றவர், வாங்கியவர் பெயர்கள்தான் இருக்கின்றன. அவர்களை விற்கவும் வாங்கவும் வைத்தவர்கள் கையெழுத்துப் போட்டது கோட்டையில்.

1971-க்கு வருகிறேன். எனக்கு அப்போது 19 வயது. ஆகஸ்ட் 30-ந்தேதி மதுவிலக்குத் தளர்த்தப்பட்டது. தொண்ணூறைத் தாண்டிய ராஜாஜி முதல்வர் கருணாநிதியை நேரில் பார்த்து வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதை நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அரசாங்கம் தன் கஜானா நிலைமையைச் சொன்னது. அதற்கு முன்னால் இருபது வருடம் யாரும் குடிக்கவில்லை என்று சொல்லவில்லை. கள்ளச்சாராயம் ஓடிற்று. வசதியானவர்கள் டாக்டர் சர்டிபிகேட் வாங்கி பர்மிட் வைத்திருந்தார்கள். ஆனால் எங்களைப் போன்ற வீடுகளில் ஒரு தலைமுறை கடை வாசலைப் பார்க்காமல் வளர்ந்திருந்தது. அதுவும் உண்மை.

விறகுத்தொட்டிக்காரரின் மகன் ஏலம் எடுத்தார். ஒரே வாரத்தில் சவுக்குக் கட்டை போய் பெஞ்சு வந்தது. வாய்க்காலைத் தோண்டிச் சுத்தம் செய்தார்கள். ‘கள்ளுக்கடை’ என்ற பெயர் ஊரில் இருக்கவே இருந்தது, போர்டு கூடத் தேவைப்படவில்லை.

என் பெரியப்பா மில்லில் வேலை. நாற்பத்தைந்து வயது வரை வெற்றிலைகூடப் போடாதவர். நண்பர்களோடு ஒரு சம்பள நாளில் போனார். பிறகு தினம் போனார். காசு இல்லாத நாளில் வீட்டுச் சாமானைக் கொண்டுபோனார். கடையில் பாத்திரம் வாங்கிக்கொண்டு கணக்கில் வைப்பார்கள். சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று நினைக்கிறேன், யார் கேட்பது? பெரியம்மா இருட்டின பிறகு கடைக்கு எதிரே வண்டிப்பாதையில் ஒரு அரிக்கேன் விளக்கோடு நிற்பாள். உள்ளே போய்க் கூப்பிட மாட்டாள். பெண்கள் அந்தப் படி ஏறக்கூடாது என்பது ஊர்க்கட்டு. பல நாள் நான்தான் உள்ளே போய் அவரைத் தோளில் சாய்த்துக் கூட்டிவந்திருக்கிறேன். அந்தக் கூடத்தின் வாடை இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. இன்று எங்கள் டி.வி. இருக்கிற மூலையில்தான் அவர் உட்காருவார்.

1973-ல் முதலில் கள்ளுக்கடையை மூடினார்கள், பிறகு சாராயக்கடை. 1974-ல் முழு மதுவிலக்கு திரும்பியது. பெரியப்பாவுக்கு அது உதவவில்லை. அடுத்த வருடம் போய்விட்டார். பெரியம்மாவுக்கு மூன்று பிள்ளைகள். வத்தல் போட்டு விற்றும், பள்ளிக்கூட வாசலில் இட்லி விற்றும் ஆளாக்கினாள்.

அதற்குப் பிறகு கைமாறியது இன்னொருவருக்கு. 1981-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் திரும்பத் திறந்தபோது வீட்டைச் சாராயக்கடைக்கு வாடகைக்கு விட்டார். இந்தத் தடவை கள் பெயருக்குத்தான், பனந்தோப்பு பாதி போயிருந்தது. சர்க்கரை ஆலைப் பாகிலிருந்து எடுத்த சாராயம் லாரியில் வந்தது. 1983-ல் டாஸ்மாக் நிறுவனம் வந்தது, மொத்த வியாபாரம் அவர்கள் கைக்குப் போனது. 1987 ஜனவரி 1 முதல் கள்ளும் சாராயமும் தடை. அதோடு இந்தச் சுவர்களுக்குள் வியாபாரம் முடிந்தது. சாக்குக் குடோன் ஆக்கினார்கள். 2003-ல் டாஸ்மாக்கே சில்லறை விற்பனையும் எடுத்துக்கொண்டபோது, குத்தகைக்காரர் என்ற இடையாளும் இல்லாமல் போனார். 1929-க்காரர் இருந்திருந்தால் பெருமூச்சு விட்டிருப்பார், இனி வீட்டை ஈடு வைக்க வேண்டாம்.

நான் 1992-ல் வாங்கினேன். விலை மலிவு. குப்பைமேட்டுப் புகை ஒரு காரணம், வீட்டின் பெயர் இன்னொரு காரணம். குடும்பம் நடத்த யாரும் முன்வரவில்லை. துறைமுகச் சம்பளத்தில் எனக்கு வேறு வழியும் இல்லை. பால் காய்ச்சின அன்று சொந்தமெல்லாம் வந்தது. பெரியம்மாவும் வந்தாள். திண்ணையோடு உட்கார்ந்துவிட்டாள். என் மனைவி இரண்டு தடவை போய்க் கூப்பிட்டாள்.

“நீ போம்மா, நான் இங்கியே இருக்கிறேன். காத்து நல்லா வருது.”

நான் போய்க் கேட்டபோதுதான், “அந்தப் படி நான் ஏறமாட்டேன்டா கண்ணு. உன் மேல கோவம் இல்ல” என்றாள். இலையைத் திண்ணையிலேயே போட்டோம். அடுத்து எத்தனையோ விசேஷம் வந்தது. எல்லாவற்றுக்கும் வருவாள், திண்ணையில் சாப்பிடுவாள், பிள்ளைகளுக்கு வத்தல் கொடுப்பாள், போவாள். நாங்களும் வற்புறுத்துவதை விட்டுவிட்டோம்.

1996 மழையில் ஒட்டு ஒழுகியது. கொத்தனார் பரணைப் பிரித்தபோது, செல்லரித்த சாக்குக்கு நடுவில் ஒரு நீளமான கணக்கு நோட்டு விழுந்தது. 1972-ம் வருடத்துக் கணக்கு. ஒவ்வொரு வரியிலும் ஆள் பெயர், சாமான், தொகை. பித்தளைத் தவலை, வெண்கலப் பானை, மூக்குத்தி, சைக்கிள் டைனமோ, ஒரு இடத்தில் ‘குழந்தைக் கொலுசு ஜோடி’. பெரியப்பா பெயர் ஏழு இடத்தில் இருந்தது. கடைசியாக, பித்தளை அண்டா ஒன்று, பதினொரு ரூபாய்.

பெரியம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு, அவள் வீட்டுக்கே எடுத்துப்போய் அந்த ஏழு வரியையும் படித்துக் காட்டினேன். பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அண்டா வந்ததும் கையை நீட்டி நிறுத்தினாள்.

“ஒண்ணா போட்டிருக்கான்?”

“ஒண்ணுதான் பெரியம்மா.”

“ரெண்டுடா. எங்கப்பா சீரா குடுத்தது, பெரிசு ஒண்ணு, சிறிசு ஒண்ணு. ரெண்டையும் ஒரே நாள் தலைமேல வெச்சி எடுத்தும்போனாரு. நான் பாத்தேன்.” கொஞ்ச நேரம் கழித்து, “அப்ப சிறிசு கணக்குலயே ஏறலயா!” என்றாள்.

இருபத்திநாலு வருடத்துக்கு முந்தைய பாத்திரம். ஆனாலும் அந்தச் சின்ன அண்டாவைப் பற்றி அவள் அன்றுதான் முதல் தடவையாக அழுததாக அவள் மகள் சொன்னாள். பெரியம்மா 2009-ல் இறந்தாள். கடைசிவரை படி ஏறவில்லை.

பில்டரின் வக்கீலுக்கு 1929 முதல் உள்ள கிரயப் பத்திரங்கள், வில்லங்கச் சான்று, பட்டா எல்லாம் கொடுத்தாயிற்று. 1931 அடமானம் மீட்டதற்கு ரசீது வேண்டும் என்று குடைந்தார், அதுவும் கிடைத்தது. என் மகன் நோட்டையும் காட்டினான். இது எங்களுக்குத் தேவையில்லை சார் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. கொடுங்கையூர், எருக்கஞ்சேரி, வியாசர்பாடி பக்கத்துப் பெயர்கள் நிறைய. சில குடும்பங்களை எனக்கே தெரியும். யார் பெயரையும் நான் வெளியே சொல்ல மாட்டேன். தங்கள் வீட்டுக் கணக்கைப் பார்க்க விரும்புகிறவர்கள் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வரலாம். ஆடி முடியும் வரை இங்கேதான் இருப்போம். திண்ணையில் உட்கார்ந்தே பார்க்கலாம்.